குடங்கள் கூடிய சபை

ஆகஸ்ட் 24

இந்த நோட்டைக் கையில் எடுத்திருக்கும் மேன்மை பொருந்தியவரே, எடுத்த எடுப்பிலேயே சத்தியம் செய்கிறேன்: இதில் நான் எழுதப்போகும் கதையை நீங்கள் நம்பமாட்டீர்கள். ஒரு வரியைக்கூட நம்பமாட்டீர்கள். நம்பினால் உடனே ஒரு நல்ல டாக்டரைப் பார்க்கவும்.

என் பெயர் டில்லிபாபு. மைக் மாமா என்றால் மூன்று மாவட்டங்களில் பசுமாடுகூடத் திரும்பிப் பார்க்கும். நாற்பது வருடமாக ஆட்டோவில் உட்கார்ந்து தேர்தல் அறிவிப்புச் செய்கிறவன். "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே" என்று ஓர் இழுப்பு இழுத்தால் தென்னை மரத்திலிருந்து காய் விழும். இரண்டு தடவை விழுந்திருக்கிறது. ஒரு தேர்தலில் காலையில் ஒரு கட்சிக்கும் சாயங்காலம் எதிர்க்கட்சிக்கும் ஒரே குரலில் பேசினேன். அந்தத் தொகுதியில் இரண்டு பேருமே ஜெயித்தார்கள்.

வசிப்பது புதுவாழ்வு நகர், எட்டாம் பிளாக், நாலாவது மாடி. பட்டணத்துக்குள் கால்வாய் ஓரம் இருந்த எங்களை லாரியில் ஏற்றி, சென்னை முடிந்து, சென்னைக்கு அப்புறம் இருக்கிற ஊர்களும் முடிந்து, பூமி வளைய ஆரம்பிக்கிற இடத்தில் இறக்கிவிட்டு எட்டு வருடம் ஆகிறது. லிஃப்ட் கிடையாது. தண்ணீர் லாரியில் வரும், வராமலும் இருக்கும்.

நோட்டு என்னுடையது அல்ல. இரண்டாவது மாடியில் தையல் மிஷின் வைத்திருக்கும் ஷகிலா பானு கொடுத்தது.

"அண்ணே, நம்ம பிளாக்ல நடக்கிறதை எல்லாம் தேதி போட்டு எழுதி வைங்க. நாளைக்கு ஆபீஸ்ல எவனாவது கேட்டா எடுத்துக் காட்டணும்."

"இத்தினி பேரு கீறப்ப நான் ஏம்மா?"

"உங்க கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு. பொய்யை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கங்க."

குறைத்துக்கொள்கிறேன். நாளையிலிருந்து.

ஆகஸ்ட் 25

என் மனைவி லோகநாயகி கீழே இறங்குவதில்லை. மகாராணிகள் இறங்குவதில்லை. நாலாவது மாடி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு தர்பார் நடத்துகிறாள். காய்கறிக்காரர் கீழே நின்று விலை சொல்வார். கூடை கயிற்றில் இறங்கும். கத்தரிக்காய் மேலே ஏறும். சொத்தை இருந்தால் கத்தரிக்காய் மட்டும் கயிறு இல்லாமல் கீழே வரும்.

போன வருடம் ஜூனில் ஒரு காலை எழுந்தபோது, அவளுடைய இடது கால் சொன்ன பேச்சைக் கேட்க மறுத்துவிட்டது. பக்கவாதம் என்றார்கள். அதிலிருந்து பதினாலு மாதம். வீட்டுக்குள் வாக்கரைப் பிடித்து நடப்பாள். தரைக்கும் எங்களுக்கும் நடுவே ஏழாயிரத்து இருநூறு படிகள். பானு எழுபத்திரண்டு என்கிறாள். அவள் எண்ணியிருப்பாள் போல.

தரைத்தளத்தில் ஒரு வீடு கொடுங்கள் என்று, எங்களுக்கு இந்த வீட்டை ஒதுக்கிய வாரிய ஆபீசுக்கு மனுப் போட்டோம். பதில் வந்தது: "தரைத்தளத்தில் காலி வீடு ஏதும் இல்லை."

எங்கள் பிளாக்கிலேயே தரைத்தளத்தில் பன்னிரண்டாம் எண் வீடு பூட்டிக் கிடக்கிறது. யாரும் குடியில்லை. பானு ஆபீசுக்குப் போய் விசாரித்தாள். காகிதத்தில் அது வீடு இல்லையாம், படிப்பகமாம். புதுவாழ்வு நகர் மக்கள் கூடி அமர்ந்து பேப்பர் படிக்கும் இடமாம்.

"அங்க யாருண்ணே படிக்கிறா?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்கெப்படித் தெரியும்?

ஆகஸ்ட் 28

தண்ணீர் லாரி வரவில்லை. லோகு என்னோடு பேசவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

செப்டம்பர் 2

லாரி வந்தது. வருங்காலச் சந்ததிக்காக எங்கள் குடச் சட்டத்தை இங்கே பதிவு செய்கிறேன். வரிசையில் ஆள் நிற்கத் தேவையில்லை. குடம் நின்றால் போதும். ஒவ்வொரு குடத்துக்கும் ஓர் அடையாளம்: ரிப்பன், பெயிண்ட் கோடு, நெயில் பாலிஷில் போட்ட பொட்டு. குடம் இருந்தால் ஆள் இருப்பதாக அர்த்தம். காற்றில் உருண்டால் எவள் பார்த்தாலும் எடுத்து அதே இடத்தில் நிறுத்த வேண்டும். தள்ளி வைத்தால் தொலைந்தாள். உலகத்தில் எத்தனையோ அரசியல் சாசனங்கள் திருத்தப்பட்டுள்ளன; இது மட்டும் திருத்தப்படவில்லை. லோகுவின் நீலக்குடம், கழுத்தில் மஞ்சள் கோடு, தினமும் கயிற்றில் இறங்கி வரிசையில் நிற்கிறது.

வரிசையாண்டை பானு என்னைப் பிடித்தாள். டிவிஷன் ஆபீஸ் சுவரில், கொசு மருந்து நோட்டீசுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்தில் ஒரு காகிதம் பார்த்தாளாம். பகுதி சபைக் கூட்டம், செப்டம்பர் 15, காலை பத்தரை, சமுதாயக் கூடம்.

"பகுதி சபைன்னா இன்னாம்மா? புதுக் கட்சியா?"

"இல்லண்ணே. நம்ம ஏரியாவுக்கு எது வேணும் எது வேணாம்னு நாமளே உட்கார்ந்து தீர்மானம் போடலாமாம். அதிகாரி வந்து எழுதிக்கிட்டுப் போகணுமாம்."

"மெம்பருங்க யாரு?"

"ஏரியாவுல ஓட்டு இருக்கிற எல்லாரும்."

"நானா?"

"நீங்கதான்."

"லோகு?"

"லோகாக்காவும்தான். படிப்பகம் வேணாம், அதை வீடாக் குடுங்கன்னு நாம கையைத் தூக்கினா எழுதித்தானே ஆகணும்?"

வாயடைத்துப் போனேன். எனக்கு வாயடைத்ததை நேரில் பார்த்ததாகப் பதினேழு பேர் கையெழுத்துப் போடத் தயார். நாற்பது வருடமாக "வாக்களிப்பீர், வாக்களிப்பீர்" என்று கத்தியிருக்கிறேன். வாக்களித்த மறுநாள் என்ன செய்யலாம் என்று ஒருத்தரும் எனக்குச் சீட்டு எழுதிக் கொடுத்ததில்லையே! இப்படி ஒரு சபை எங்கே ஒளிந்திருந்தது? என்ன தின்று உயிர் வாழ்ந்தது? கண்டுபிடிக்காமல் விடுவதில்லை.

செப்டம்பர் 5

கண்டுபிடித்தேன். கண்டுபிடித்திருக்க வேண்டாம்.

டிவிஷன் ஆபீசுக்குப் போய், "பகுதி சபை என்கிற ஜந்துவைப் பார்க்க வந்திருக்கிறேன்" என்றேன். அங்கிருந்த கிளார்க்குக்கு ஆயிரத்து முந்நூறு வயதிருக்கும்.

"வருசா வருசம் நடக்குதே," என்றார்.

"எங்க சார்?"

"ரிஜிஸ்டர்ல."

ஆளுயர ரிஜிஸ்டர் ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். பக்கத்து டீக்கடை வரைக்கும் தும்மினார்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஏப்ரல் கூட்டத்தில் நாற்பத்தொரு பேர் கலந்துகொண்டிருக்கிறார்கள். அதில் தீர்மானம் மூன்று: எட்டாம் பிளாக் பன்னிரண்டாம் எண் வீட்டைப் படிப்பகமாகப் பயன்படுத்துவது. முன்மொழிந்தவர் பெயரும் கையெழுத்தும் இருந்தன.

கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது.

உலகத்தில் ஒரே மாதிரி கையெழுத்து ஏழு பேருக்கு இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரே பெயரும் இருந்துவிட்டால் அதற்கு யார் என்ன செய்ய முடியும்? தவிர, அப்போது லோகு நாளுக்கு நாலு தடவை மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். அப்போது கையெழுத்துப் போட்ட எவனுக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

பானு கேட்டாள். ஆபீஸ் பூட்டியிருந்தது என்று சொன்னேன். இந்தப் பக்கத்தை முந்தைய பக்கத்தோடு பசை போட்டு ஒட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

செப்டம்பர் 8

இன்று ஆட்டோவில் மைக் கட்டி, கூலி வாங்காமல், பன்னிரண்டு பிளாக்கையும் சுற்றினேன். "பதினைந்தாம் தேதி பத்தரை மணி! சமுதாயக் கூடம்! மன்னர்களுக்கும் கிடைக்காத மகத்தான வாய்ப்பு!" என்று முழங்கியதில் ஐந்தாம் பிளாக்கில் ஒரு சுவர் விரிசல் விட்டது. (ஏற்கெனவே விட்டிருந்தது.)

பானு வீடு வீடாக ஏறினாள். நான் பின்னால் நின்றேன்.

"மீட்டிங்குக்கு வந்தா இன்னா குடுப்பாங்க?" என்றாள் தேசம்மாள். ஐந்தாம் பிளாக்கின் வீராங்கனை. லாரிக்காரனே அவளைப் பார்த்தால் ஹாரன் அடிக்க மாட்டான்.

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்க. நாமதான் கேக்கணும்."

"டீ கூடவா இல்ல?"

"இல்லக்கா."

"அப்ப அது இன்னா மீட்டிங்கு?" என்று தேசம்மாள் நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டாள். பிறகு அவளே பதிலும் சொன்னாள். "ஒண்ணுமே குடுக்காம கூப்பிடுறானுங்கன்னா அதுல இன்னாமோ கீது. வரேன்."

திரும்பும்போது ஜெயசீலன் வழிமறித்தான். கவுன்சிலருக்கு வலது கை, இடது கை, தேவைப்பட்டால் காலும் அவன்தான். எனக்கு அறிவிப்பு வேலை எல்லாம் அவன் மூலமாகத்தான் வரும்.

"மாமா, கொரலு சூப்பரா கீது. எவ்ளோ தூரம் கேக்குது!"

"தாங்க்ஸ்ப்பா."

"உன் செட்டெல்லாம் இப்ப எங்க வெச்சினு கீற?"

"பன்னெண்டுல."

"அங்கயே இருக்கட்டும்னுதான் மாமா நானும் சொல்றேன்."

தோளில் தட்டிவிட்டுப் போனான். நல்ல பையன். மரியாதை தெரிந்தவன்.

ஆம்ப்ளிஃபயர் ஒன்று, ஹாரன் இரண்டு, ஒயர் சுருள் நாலு. நாலாவது மாடிக்குத் தினம் ஏற்றி இறக்க முடியுமா? எங்கேயாவது வைக்கத்தானே வேண்டும். அவனுடைய கொடிக்கம்பங்களும் அங்கேதான் இருக்கின்றன. இதைப் பெரிதாக எழுத வேண்டியதில்லை.

செப்டம்பர் 11

லோகுவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். வராந்தாவில் வெயில்.

"மேலேருந்து பாத்தா மூஞ்சி தெரியாது தெரியுமா?" என்றாள். "தலதான் தெரியும். குடம் தெரியும். எந்தக் குடம் யாருதுன்னு எனக்கு எல்லாம் அத்துப்படி. நேத்து தேசம்மா குடம் ரெண்டு தபா உருண்டுச்சி."

"அடேங்கப்பா. ராணுவத்துல எடுத்துக்குவாங்க உன்னை."

"நீ சாயங்காலம் சாயங்காலம் எங்க போறேன்னும் தெரியுது."

எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடினேன். கையிலேயே இருந்தது.

"பன்னெண்டு நம்பரு சாவி உன் அர்ணாக்கயித்துலதான கீது?"

"அது ஜெயசீலன் குடுத்து வெச்சது. அவனுக்கு ஒரு..."

"உன் செட்டு கீழ கீது. நான் மேல கீறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. வெயில் சுள்ளென்று அடிக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள்.

நீ இன்னும் ரெண்டு மாசத்தில் நடந்துவிடுவாய், அப்புறம் நமக்கெதற்குத் தரைத்தளம், கொசு பிடுங்கும் என்றேன். கீழே யார் கேட்டாலும் சுளுக்கு என்றுதான் நான் சொல்லிவருகிறேன். அதற்குள் வெயில் போய் மேகம் போட்டது. மழை வரும்போல இருந்தது. வரவில்லை.

செப்டம்பர் 14

காலையில் ஜெயசீலன் ஒரு சீட்டுக் கொடுத்தான். நாளைக்குக் குடிநீர் லாரி ஆறு மணிக்குப் பதிலாகப் பத்தரைக்கு வரும். கேட்டாண்டை மட்டும் நிற்கும். இரண்டு நாளைக்கு இதுதான் தண்ணீர். அறிவிக்க வேண்டும்.

சீட்டைக் கொடுத்தால் படிப்பதுதான் என் தொழில். அர்த்தம் பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் நாற்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்திருப்பேனா? ஆட்டோவில் ஏறி, "தாகம் தீர்க்கும் தங்க ரதம்! நாளைக் காலை பத்து முப்பதுக்கு!" என்று பன்னிரண்டு பிளாக்குக்கும் முழங்கினேன். மூன்றாம் பிளாக்கில் கைதட்டினார்கள்.

மாடி ஏறி வந்து தண்ணீர் குடித்தேன்.

"லாரி எத்தினி மணிக்கின்ன?" என்றாள் லோகு.

"பத்தரை."

"மீட்டிங்கு எத்தினி மணிக்கி?"

டம்ளரைக் கீழே வைத்தேன்.

யோசித்துப் பாருங்கள்: எந்தப் பைத்தியக்காரி இரண்டு நாள் தண்ணீரை விட்டுவிட்டுத் தீர்மானம் போட வருவாள்? ஆறு நாள் நான் கூட்டிய கூட்டத்தை அரை மணி நேரத்தில் என் வாயாலேயே கலைத்திருக்கிறேன். உள்நாட்டு, வெளிநாட்டுச் சதி! ஏழு வல்லரசுகள்! என்று எழுதத்தான் ஆசை. சீட்டைப் படித்தது நான்.

பானு மேலே வந்தாள். அவள் என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "பத்துப் பேர்கூட வரமாட்டாங்கண்ணே. கூட்டம் சேரலைன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க," என்றாள்.

லோகு சிரித்தாள். பதினாலு மாதத்தில் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"ஆளு எதுக்குடி வரணும்? ஒவ்வொரு வீட்லயும் நாலு கொடம் கீது. மூணு லாரியாண்ட போவட்டும். ஒண்ணு மீட்டிங்குக்குப் போவட்டும்."

"அக்கா, அங்க வர்ற அதிகாரிக்கு நம்ம குடச் சட்டம் தெரியுமா?"

"சொல்லிக் குடுங்க."

செப்டம்பர் 15

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பெரிதாக்குவதற்கு இதில் இடமே இல்லை.

பத்து மணிக்கெல்லாம் சமுதாயக் கூடத்தில் குடங்கள் வந்து அமர்ந்துவிட்டன. சிவப்பு நாற்காலி ஒன்றுக்கு ஒரு குடம் வீதம் அறுபத்து மூன்று. பச்சை ரிப்பன், கறுப்புக் கோடு, நெயில் பாலிஷ் பொட்டு. முதல் வரிசையில் லோகுவின் நீலக்குடம். கயிற்றில் அவளே இறக்கினாள், நான் ஏந்திக்கொண்டேன். குடங்களின் ஒழுக்கத்தைப் பார்த்தால் எந்தச் சட்டமன்றமும் வெட்கப்படும். ஒரு குடம் எழுந்து கத்தவில்லை. ஒரு குடம் வெளிநடப்புச் செய்யவில்லை. மனிதர்கள் என்று பார்த்தால் பானு, நான், தூங்குவதற்காக வந்த நாலு ஆண்கள்.

அதிகாரியம்மா ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். சின்ன வயது. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கவுன்சிலருக்கு அவசர வேலையாம். பின்னாலேயே ஜெயசீலன் வந்தான்.

"பாத்தீங்களா மேடம், ஜனங்களுக்கு இண்ட்ரஸ்ட்டே கெடையாது. கூட்டம் சேரலன்னு எழுதிட்டுக் கெளம்பலாம்."

அதிகாரியம்மா அவனைப் பார்க்கவில்லை. குடங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்னங்க?"

"ஆளுங்க மேடம்," என்றாள் பானு.

"ஆள் எங்க?"

"லாரியாண்ட. இங்க குடம் இருந்தா ஆள் இருக்கிற மாதிரி மேடம். எங்க வழக்கம் அது."

"குடத்தை நான் எப்படிம்மா ரிஜிஸ்டர்ல எழுதுறது?"

"குடத்தை எழுத வேணாம். பேரைக் கூப்பிட்டா குரல் கொடுப்பாங்க. அதை எழுதுங்க."

அதிகாரியம்மா ஜன்னலண்டை போய் எட்டிப் பார்த்தார். நூறடி தூரத்தில் கேட், கேட்டாண்டை லாரி, லாரியைச் சுற்றிப் பெண்கள். அவர் முகத்தில் ஒரு குறுகுறுப்பு வந்ததை நான் பார்த்தேன். "கூப்பிடுங்க பார்ப்போம்," என்றார்.

ஆட்டோவை வாசலில் நிறுத்தி ஹாரனை லாரிப் பக்கம் திருப்பியிருந்தேன். மைக்கை எடுத்தேன். "விண்ணும் மண்ணும் வியக்கும் வண்ணம்..."

"சுருக்கமாங்க," என்றார் அதிகாரியம்மா.

"பச்சை ரிப்பன்! அஞ்சாம் பிளாக் தேசம்மாள்!"

"கீறேன்!" என்று லாரியண்டையிலிருந்து வந்த சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒரு கை உயர்ந்தது. இன்னொரு கை குடத்தில் இருந்தது.

"கறுப்புக் கோடு! ரெண்டாம் பிளாக் ரெஜினா!"

"இருக்கேன்!"

இப்படியே வரிசையாக. எனக்கு எந்தக் குடமும் தப்பவில்லை. பத்தாவது பெயரில் அதிகாரியம்மா ரிஜிஸ்டரை இடுக்கிக்கொண்டு, ஒரு நாற்காலியிலிருந்த குடத்தை மரியாதையாகத் தரையில் இறக்கி வைத்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

"மேடம், எங்க போறீங்க? கூடத்துல இல்ல நடக்கணும்!" என்று ஜெயசீலன் பின்னாலேயே ஓடினான்.

"மக்கள் அங்கதானே இருக்காங்க," என்று சொல்லிவிட்டு லாரிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பெண்கள் ஒரு கணம் திகைத்தார்கள். பிறகு வரிசை கலையாமல் தள்ளி நின்று அவருக்கு நிழல் விட்டார்கள்.

ஒவ்வொருத்தியாகக் குடம் நிரம்பக் காத்திருக்கும் நேரத்தில் கையெழுத்துப் போட்டாள். ஆட்டோவிலிருந்து நான் பேர் படித்தேன், கூடத்துக் குடங்கள் ஒவ்வொன்றுக்காக. கடைசியில் முதல் வரிசை நீலக்குடம் மட்டும் மிஞ்சியது.

"இன்னும் ஒண்ணு பாக்கியா? யாரோடது?" என்று அதிகாரியம்மா லாரியாண்டையிலிருந்து கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மைக் ஆனில் இருந்தது.

எத்தனை அடைமொழிகள் என்னிடம் இருந்தன! ஒன்றும் வரவில்லை.

"அது என் பொண்டாட்டி," என்றேன். "நாலாவது மாடியில கீறா. சுளுக்குன்னு சொன்னதெல்லாம் பொய். பதினாலு மாசமா அவளால எறங்க முடியல."

ஹாரனில் அது பன்னிரண்டு பிளாக்குக்கும் கேட்டது. லாரியில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு உயரத்திலிருந்து ஒரு குரல் வந்தது, மைக் இல்லாமலேயே:

"கீறேன்!"

அதிகாரியம்மா கையை நெற்றிக்குக் குடையாக வைத்து மேலே பார்த்தார். வராந்தாக் கம்பியில் ஒரு கை. எழுதிக்கொண்டார்.

தொடங்கியதை நிறுத்த எனக்கு எப்போதுமே தெரியாது. "பன்னெண்டு நம்பரு படிப்பகம் இல்ல. அதுல ஒரு பேப்பர்கூட இல்ல. என் ரேடியோ செட்டும் கொடிக்கம்பமும்தான் கீது. படிப்பகம்னு கையெழுத்துப் போட்டவன் நான்தான்," என்றேன். அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தேன். முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். அவ்வளவு கூட்டத்துக்கு நடுவே. கம்பீரம் என்பது இன்றோடு போயிற்று.

"யோவ் மாமா, மைக்க ஆஃப் பண்ணுய்யா!" என்றான் ஜெயசீலன்.

"நீ கம்முனு இரு," என்றாள் தேசம்மாள். "லாரி டைமை எவன் மாத்தினான்னு அடுத்த தீர்மானத்துல வரும்."

பானு தீர்மானத்தைப் படித்தாள். உடனே ஒரு சண்டை. மாடி இறங்க முடியாதவர்கள் எங்கள் பிளாக்கிலேயே இரண்டு பேர், வீடு ஒன்று. லோகு ஒருத்தி, மூன்றாவது மாடி சந்தியாகு இன்னொருத்தர். கடைசியில் சந்தியாகுவின் மகள்தான் விட்டுக்கொடுத்தாள். "எங்கப்பா தடி ஊனியாவது எறங்குறாரு. லோகாக்காவுக்கே குடுங்க. ஆனா அடுத்து கீழ காலியாவற வீடு எங்களுக்கு. அதையும் எழுதுங்க மேடம், வாயால சொன்னா செல்லாது," என்றாள்.

எழுதினார். கைகள் உயர்ந்தன. முப்பதாயிரம் கைகள்! பானு ஐம்பத்தெட்டு என்கிறாள். லாரி டிரைவரும் தூக்கினார். அவருக்கு இங்கே ஓட்டு இல்லை என்று கழித்துவிட்டார்கள்.

செப்டம்பர் 16

ஆம்ப்ளிஃபயர், ஹாரன் இரண்டு, ஒயர் நாலு சுருள். எழுபத்திரண்டு படிகள். எண்ணினேன்.

வீட்டில் வைக்க இடமில்லை. ஒரு ஹாரனில் லோகு வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறாள்.

அக்டோபர் 9

ஜெயசீலன் என்னைப் பார்த்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறான். கோயில் திருவிழா அறிவிப்புக்கு வேறு ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பதிவு செய்த குரலாம், பென்டிரைவில். பென்டிரைவுக்குத் தேங்காய் விழுமா?

வாரியத்திலிருந்து பார்வையிட வந்தார்கள். பன்னிரண்டைத் திறந்து பார்த்து, "படிப்பகம் எங்கே?" என்று கேட்டார்கள். நாங்களும் அதைத்தான் கேட்கிறோம் என்றாள் பானு.

அக்டோபர் 30

ஒன்றும் இல்லை. மழை. பானு நாலாவது தடவை ஆபீசுக்குப் போய் வந்தாள். ஃபைல் மேஜையிலிருந்து மேஜைக்கு நகர்கிறதாம். எங்கள் தெரு நத்தை அதை முந்திக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன்.

லோகு வாக்கரைப் பிடித்து வராந்தாவில் நாலு நடை நடக்கிறாள். முன்பு இரண்டு. கேட்டால், "கீழ போனா பழகணும்ல," என்கிறாள்.

நவம்பர் 27

உத்தரவு வந்தது. இன்று இறங்கினாள்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, தேசம்மாளும் ரெஜினாவும் முன்னால், நானும் பானுவும் பின்னால். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நாற்காலி சிக்கிக்கொண்டது. போன வருடம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோதும் அங்கேதான் சிக்கியது. அன்றைக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இன்று கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, "எடது பக்கம் சாய்யி, எடது பக்கம்... ஏன்யா, எடது எதுன்னு தெரியாதா உனக்கு?" என்று எல்லோரையும் வேலை வாங்கினாள்.

வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

டிசம்பர் 3

பானு நோட்டைத் திருப்பிக் கேட்கிறாள். அடுத்த சபைக்குள் முதலிலிருந்து படித்துப் பார்த்து, பொய்யை எல்லாம் சிவப்பு மையில் அடிக்கப்போகிறாளாம். அவளுக்கு மை போதாது. நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தேங்காய் விழவில்லை. இரண்டு கட்சியும் ஜெயிக்கவில்லை. நான் பேசிய இரண்டு பேருமே டெபாசிட் இழந்தார்கள். கிளார்க்குக்கு ஐம்பது வயதுதான் இருக்கும், பாவம். குடங்கள் அறுபத்து மூன்று என்று எழுதியதில் நாலைந்து தள்ளுபடி உண்டு. கண்ணாடி அதிரவில்லை, அந்தக் கூடத்து ஜன்னலில் கண்ணாடியே கிடையாது. நத்தையைப் பார்த்ததும் பொய்.

இன்று காலை டீ வாங்கிக்கொண்டு வந்தேன். கதவு திறந்திருந்தது. லோகு இல்லை. வாக்கரும் இல்லை. குளியலறையில் பார்த்தேன். பக்கத்து வீட்டில் கேட்டேன். தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். டீ ஆறிப்போனது. முக்கால் மணி நேரம் வாசலிலேயே நின்றேன்.

பால் பூத் பக்கமிருந்து வந்தாள். ஓரடி, நிறுத்தம், ஓரடி. கையில் பை இல்லை. ஒன்றும் வாங்கவில்லை. யாரையும் பார்க்கவும் இல்லையாம்.

"எங்க போன?"

"சும்மாதான்," என்று சொல்லி என்னைத் தாண்டி உள்ளே போனாள்.

இது மட்டும் நடந்தது.